எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காட்டுப் பயணம்: சாப்பாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் வீட்டில் பழகுவது ஒரே விஷயத்தைத்தான்: அளவு மீறாமல் சாப்பிடுவது. கடையும் குழாயும் இல்லாத இடத்தில் முதுகுப்பையோடு இரண்டு நாள் நடந்தால் அந்தப் பிரச்சினை தலைகீழாகிவிடும். மீறுவது இருக்கட்டும், வேண்டிய அளவே உள்ளே போகாது. நடை, குளிர், களைப்பு எல்லாம் சேர்ந்து பசியை மந்தமாக்கும். தண்ணீரும் சாப்பாடும் அந்தச் சின்ன இடத்துக்குப் போட்டி போடும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் 'என்ன எடுத்துப் போவது?' என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அது நான்காவது கேள்வி. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியின் விடை இல்லாமல் அடுத்த படியைச் சரியாகச் செய்ய முடியாது.

1. கிளம்பலாமா என்பதை மருத்துவக் குழுவிடம் முடிவு செய்யுங்கள்

அறுவை சிகிச்சைக்குப் பின் திரவ உணவு, கூழ் உணவு, மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி வழக்கமான உணவுக்கு வரவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்கு முன் காட்டில் இரவு தங்கும் பேச்சே வேண்டாம். எடை வேகமாக இறங்கும் முதல் ஆறு மாதத்தில், குழு அனுமதித்தால்கூட, பகல் நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அந்தக் காலத்தில் எந்த உணவு ஒத்துக்கொள்ளும் என்பதே வாரத்துக்கு வாரம் மாறும். இன்று சோதித்தது அடுத்த மாதம் செல்லாது.

குழுவைப் பார்க்கும்போது 'ட்ரெக்கிங் போகலாமா?' என்று மட்டும் கேட்டால் 'ஜாக்கிரதையாகப் போங்கள்' என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். இவற்றைக் கேளுங்கள்: ஒரு நாளுக்கு எத்தனை கிராம் புரதம்? குறைந்தது எவ்வளவு திரவம்? நீண்ட நடை நாளில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டுமா? மலை உயரத்துக்கு மாத்திரை போட வேண்டியிருந்தால் எனக்குச் சரிப்படுமா? கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. உயரமான மலைகளில் வரும் உயர நோய்க்குத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும். ஏற்கெனவே போதிய தண்ணீர் குடிக்கத் திணறுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். இரும்புச்சத்தோ பி12-ஓ குறைந்திருந்தால் மலையேற்றத்தில் வரும் மூச்சிரைப்பை எந்தச் சாப்பாடும் சரிசெய்யாது.

2. உங்கள் வயிற்றின் கணக்கை எழுதுங்கள்

ஸ்லீவ் என்ற அறுவை சிகிச்சை முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீக்கப்படுகிறது. பைபாஸ் என்ற முறையில் ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் ஒரு சிறு பை மட்டும் உணவுப் பாதையில் மிஞ்சுகிறது. கூடவே சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் உணவு போகாமல் ஒதுக்கிவிடப்படுகிறது. அதனால் பைபாஸ் செய்தவருக்குச் சர்க்கரை தரும் தொந்தரவும், சத்துகள் உறிஞ்சப்படாமல் போவதும் கூடுதல். அடுத்தவரின் உணவுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரு வாரம் வீட்டில் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். ஒரு வேளைக்கு வசதியாக எத்தனை கரண்டி போகிறது. அதைச் சாப்பிட எத்தனை நிமிடம் ஆகிறது. ஒரு மடக்குக்கு எத்தனை மி.லி. தண்ணீர் சிரமம் இல்லாமல் இறங்குகிறது. எந்த உணவு தொந்தரவு தருகிறது.

உத்தேசமாகச் சாப்பிட்டதை எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். முக்கால் கோப்பை சாப்பிடுவதாக நம்பிக்கொண்டிருப்பவர் அளந்து பார்த்தால் அரைக் கோப்பைதான் இருக்கும். வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. காட்டில் மூன்றாம் நாள் மதியம் கால் நடுங்கும்போது தெரியும்.

3. உணவுக்கு முன்னால் நேர அட்டவணை

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் படி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் வரையும் இல்லை. இந்த விதி உங்களுக்கு மனப்பாடம். இதைக் காட்டு நாளில் வைத்துப் பாருங்கள். ஒரு வேளை சாப்பிட 25, 30 நிமிடம். அப்புறம் 30 நிமிட இடைவெளி. ஆக, வேளைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் கிடையாது. ஆறு வேளை என்றால் ஆறு மணி நேரம். விழித்திருப்பது 15 மணி நேரம் என்றால் தண்ணீருக்கு மிஞ்சுவது 9 மணி நேரம்தான். அந்த 9 மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 மி.லி. குடித்தால் 2.7 லிட்டர் வரும். வெயிலில் நடக்கிற நாளுக்கு இது ஓரளவு போதும். இரண்டு மணி நேரம் மறந்துவிட்டால் 600 மி.லி. போச்சு. மற்றவர்களைப் போல ஓடைக்கரையில் உட்கார்ந்து அரை லிட்டரை ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்ட உங்களால் முடியாது.

பசியையும் தாகத்தையும் நம்பி நடக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். என் கைக்கு ஒத்துவந்த அட்டவணை இது. உங்களுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்:

காலை 6 மணிக்கு எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், மடக்கு மடக்காக. 6.45-க்குப் புரதப் பானம். 9.30-க்கு முதல் திட உணவு. 12 மணிக்கு மதிய உணவு, உட்கார்ந்து. 2.30-க்குச் சிறுதீனி. 5.30-க்கு, கூடாரம் போட்ட பிறகு, சூடான உணவு. 8 மணிக்குப் பால் அல்லது இன்னொரு புரதப் பானம். நடுவில் உள்ள நேரமெல்லாம் தண்ணீருக்கு.

புரதப் பானம் காலையில் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. குளிரில், அவசரத்தில், திட உணவை மென்று தின்னும் பொறுமை யாருக்கும் இருக்காது. திரவமாக 20 கிராமுக்கு மேல் புரதம் உள்ளே போய்விட்டால் நாளின் கால் பங்கு வேலை முடிந்தது. பானம் திரவக் கணக்கிலும் சேரும். ஆனால் அது வயிற்றில் அதிக நேரம் நிற்காது. அதனால் அடுத்த திட உணவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரவு 8 மணிப் பாலை 'பசி இல்லை' என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அதற்கும் காலை உணவுக்கும் நடுவில் பத்து மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு. அதுவும் குளிரில். உடம்பில் கொழுப்பு குறைந்த பிறகு குளிர் முன்பைவிட அதிகமாகத் தெரியும் என்பதைப் பலர் முதல் இரவில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கரடி போன்ற விலங்குகள் உள்ள இடத்தில் உணவைக் கூடாரத்திலிருந்து தள்ளிப் பூட்டியோ கட்டியோ வைத்துவிடுவார்கள். அதற்கு முன்பே குடித்துவிடுங்கள்.

4. இப்போது என்ன எடுத்துப் போவது

வரிசை: புரதம், பிறகு கொழுப்பு, பிறகு மாவுச்சத்து. பெரும்பாலான மருத்துவக் குழுக்கள் ஒரு நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சொல்லும். சிலருக்கு இன்னும் கூடுதல். அதை அடைய 100 கிராமுக்கு ஏறத்தாழ இந்தக் கணக்கு உதவும்:

பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பவுடரில் 75–80 கிராம் புரதம். கொழுப்பு நீக்கிய சோயா துண்டுகளில் 50. முட்டைப் பவுடரில் 47. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35, முழுப்பால் பவுடரில் 26. கெட்டியான சீஸில் 25. வேர்க்கடலை வெண்ணெயில் 25. பருப்பில் 24. பாக்கெட்டில் வரும் சூரை மீனிலும் 24 அளவுக்கு.

ஒரு நாளைச் சேர்த்துப் பார்ப்போம். காலையில் 25 கிராம் வே, 15 கிராம் முழுப்பால் பவுடர்: 24. சீஸ் 30 கிராம்: 7. மதியம் மீன் 60 கிராம்: 14. வேர்க்கடலை வெண்ணெய் 25 கிராம்: 6. மாலையில் சோயா 20 கிராமும் வேகவைத்து உலர்த்திய பருப்பு 20 கிராமும்: 15. இரவு பால் பவுடர் 25 கிராம்: 6. மொத்தம் 72. உங்கள் இலக்கு 80 என்றால் இரவுப் பாலில் 10 கிராம் வே சேருங்கள், முடிந்தது. எல்லாம் சேர்ந்து கால் கிலோவுக்குக் கீழேதான் எடை.

சரி, இதில் ஆற்றல் எவ்வளவு? கூட்டினால் 775 கலோரி வரும். ஓட்ஸ் 30 கிராம், கொட்டைப் பருப்புகள் 30 கிராம், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தாலும் 1,300-ஐத்தான் தொடும். சுமையோடு ஏறி இறங்கும் நாளில் செலவாவது இதைப்போல இரு மடங்குக்குக் குறையாது. இந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்ப முடியாது. நிரப்ப முயன்றவர்கள் வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனவே பாதைக்கு ஏற்ப சாப்பாட்டைத் திட்டமிடாதீர்கள்; சாப்பாட்டுக்கு ஏற்ப பாதையைச் சுருக்குங்கள். மற்றவர்கள் 18 கிலோமீட்டர் போகும் இடத்தில் நீங்கள் 11 போங்கள். இரண்டு, மூன்று நாள் பயணத்துக்கு இந்தப் பற்றாக்குறை தாங்கும். ஒரு வாரம் என்றால் நடுவில் ஒரு நாள் நடக்காமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலக்கு எடையை எட்டி, உடம்பில் சேமிப்பு குறைந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

எண்ணெய், கொட்டைகள், சீஸ் எல்லாம் வீட்டில் நீங்கள் ஒதுக்கிப் பழகியவை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. இடம் குறைந்த வயிற்றுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் கொழுப்பைத் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். சிலருக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும். டியோடினல் ஸ்விட்ச் போன்ற, உறிஞ்சுதலை வெகுவாகக் குறைக்கும் முறை செய்தவர்கள் கொழுப்பின் அளவைக் குழுவிடம் கேட்டே வைக்க வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் பாதாம் மட்டுமே கொறிக்காமல் கொட்டைகளை மாற்றி மாற்றி எடுங்கள். பாதாமில் கல் உருவாகக் காரணமான ஆக்ஸலேட் அதிகம்.

எடுக்கக் கூடாதவை சில. நடைப் பயணிகள் விரும்பும் எனர்ஜி ஜெல், மிட்டாய், சர்க்கரை பூசிய உலர்பழம் ஆகியவை டம்பிங் (இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வரும் படபடப்பு, வியர்வை) வருபவருக்கு ஆகாது. 'சர்க்கரை இல்லாத' புரத பார்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். மால்டிட்டால், சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகள் இருந்தால் வயிறு உப்பும், போக்கும் வரலாம். கழிப்பறை இல்லாத இடத்தில் அது வேறு வகைச் சோதனை. கொலாஜன் பவுடரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் டிரிப்டோபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது.

5. ஒவ்வொரு வேளையையும் வீட்டிலேயே பிரித்துக் கட்டுங்கள்

கடையில் வாங்கிய ஃப்ரீஸ் ட்ரை (உறையவைத்து உலர்த்திய) உணவுப் பாக்கெட்டை அப்படியே எடுத்துப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அது சாதாரண வயிற்றுக்கு, அதுவும் பசித்த வயிற்றுக்கு. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடுவீர்கள். மீதி ஈரமான உணவு. சாதாரண வெப்பநிலையில்கூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. காட்டில் கொட்டினால் விலங்குகள் வரும். சுமந்துதான் திரும்ப வேண்டும்.

எனவே உலர்ந்த நிலையிலேயே பிரியுங்கள். பாக்கெட்டைப் பெரிய தட்டில் கொட்டி, முதலில் துண்டுகளையும் தூளையும் கலக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கவரில் வெறும் மசாலாவும் இன்னொன்றில் வெறும் கறியுமாகப் போகும். சமையலறைத் தராசில் பங்கு வைத்து, சின்ன ஜிப் கவர்களில் போடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவையும் அதே விகிதத்தில் பிரித்துக் கவரின் மேலேயே எழுதுங்கள்.

என் கவர் ஒன்றில் மார்க்கர் பேனாவால் இப்படி இருக்கும்: 'நாள் 2, மாலை 5.30. புரதம் 15. வெந்நீர் 120 மி.லி. 25 நிமிடம் மூடு.' களைத்துப்போன மாலையில் யோசிக்க வேண்டியதே இல்லை. படிப்பது, ஊற்றுவது, மூடுவது. அவ்வளவுதான்.

ஒரு நாளுக்குரிய கவர்களை ஒரு பெரிய கவரில் போட்டு, அதன் மேல் நாளின் எண்ணை எழுதுங்கள். இரவில் அந்தப் பெரிய கவரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தாலே அன்று எவ்வளவு குறைந்தது என்று தெரியும். ஒரு நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகவும் கட்டுங்கள். அளவைக் கூட்டுவதற்கு இல்லை. மழையிலோ, பாதை தவறியோ தாமதமானால் தேவைப்படும்.

சுவை பற்றி ஒன்று. எல்லாப் புரதப் பானத்தையும் ஒரே இனிப்புச் சுவையில் கட்டாதீர்கள். இரண்டாம் நாளே குமட்டும். பாதியைச் சுவையற்ற பவுடராக எடுத்தால் சூப்பிலும் கஞ்சியிலும் கலக்கலாம்.

6. ஒத்திகை

கட்டிய கவர்களில் ஒரு நாளுக்குரியதை எடுத்து, வீட்டுக்கு அருகே முழுச் சுமையோடு அட்டவணைப்படி நடந்து பாருங்கள். நடக்கும்போது வயிறு நடந்துகொள்ளும் விதம் நாற்காலியில் இருக்கும்போது இருப்பதைப் போல இருக்காது. இடுப்புப் பட்டை சாப்பிட்ட வயிற்றை அழுத்துவதும் அன்றுதான் தெரியும். சாப்பிட்ட முதல் அரை மணி நேரம் பட்டையைத் தளர்த்துங்கள்.

காட்டில் எந்த உணவையும் முதன்முறையாகச் சாப்பிடாதீர்கள். ஒத்திகையில் தேறாதது பையில் ஏறக் கூடாது.

7. வழியில் தண்ணீர்

குழாய் வைத்த தண்ணீர்ப் பை சிறு மடக்குகளுக்கு வசதிதான். நடையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு குடித்தோம் என்பது தெரியாது. சிலருக்கு உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போய் வயிறு இறுகும். நான் அளவுக்கோடு உள்ள பாட்டிலையே சொல்வேன். அதை முதுகில் வைக்காமல் தோள்பட்டையில், கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். பையைக் கழற்றினால்தான் பாட்டில் என்றால் யாரும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை குடிப்பதில்லை.

ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ சுத்தம் செய்தே குடியுங்கள். இது எல்லோருக்கும் பொதுதான். உங்களுக்கு வயிற்றுப்போக்கைத் தாங்கும் சேமிப்பு குறைவு என்பது மட்டும் கூடுதல். ஐஸ் போன்ற ஓடைத் தண்ணீர் சிலருக்கு வயிற்றை இறுக்கிப் பிடிக்கும். காலையிலேயே ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

வியர்வை அதிகமானால் உப்பும் வேண்டும். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 60 கிராம் சர்க்கரை இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். டம்பிங் பயம் உள்ளவருக்கு இது எவ்வளவோ மேல். இதையும் மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் முதல் படியிலேயே மருத்துவரிடம் இதையும் கேட்டிருக்க வேண்டும்.

மாலை கூடாரம் போடும்போது சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்திருந்தால் அன்றிரவு முதல் வேலை தண்ணீர், பிறகுதான் உணவு. விட்டமின் மாத்திரை போட்ட சில மணி நேரம் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

8. அடுப்பு மூட்டியதும்

உலர் உணவு முழுதாக ஊறாமல் உள்ளே போனால், மீதி ஊறல் உங்கள் வயிற்றுக்குள் நடக்கும். முப்பது மி.லி. பையில் ஒரு கரண்டி உணவு உப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 20, 25 நிமிடம் மூடிவையுங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே இன்னும் நேரம் பிடிக்கும். பச்சைப் பருப்பை அங்கே வேகவைக்க நினைத்தால் எரிபொருள்தான் தீரும். வீட்டிலேயே வேகவைத்து உலர்த்தியதை எடுத்துப் போங்கள்.

ஊறியதா என்று பார்க்க, இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்குங்கள். நடுவில் கடுகளவு கட்டி தட்டுப்பட்டாலும் இன்னும் ஐந்து நிமிடம்.

புரதப் பவுடரைக் கொதிக்கும் நீரில் கொட்டினால் திரிந்து கட்டி கட்டியாகும். குவளையில் முதலில் பவுடரைப் போட்டு, இரண்டு கரண்டி குளிர்ந்த நீர் விட்டுப் பசை போலக் குழையுங்கள். அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். சூப்பில் சேர்ப்பதானாலும் சூப்பை இறக்கி ஆறவைத்த பிறகே.

நீங்கள் சாப்பிட அரை மணி நேரம் ஆகும். குளிரில் உணவு ஐந்து நிமிடத்தில் ஆறி, எண்ணெய் மேலே உறைந்துவிடும். ஆறிவிடுமே என்று வேகமாக விழுங்கி, நெஞ்சில் சிக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மூடியுள்ள வெப்பக் குவளையில் சாப்பிடுங்கள். பாதியை எடுத்துக்கொண்டு மூடி, பிறகு மீதி. டீஸ்பூன் மட்டும் எடுத்துப் போனால் வாய்க்குள் போகும் அளவு தானாகவே குறையும்.

9. மாத்திரைகள்

இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போகக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஒன்றின் உறிஞ்சுதலை மற்றொன்று தடுக்கும். கால்சியத்தையும் ஒரே வேளையில் 600 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடம்பு ஏற்பது குறைவு. பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இவற்றைத் தனியே நினைவில் வைக்காமல் உணவுக் கவரிலேயே சேர்த்துக் கட்டுங்கள். மல்டிவிட்டமினும் இரும்பும் ஒரு வேளையில், கால்சியம் மற்ற வேளைகளில். மென்று தின்னும் மாத்திரைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்; தனித்தனிச் சின்னக் கவர் வேண்டும்.

'மூன்று நாள்தானே' என்று மாத்திரையை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் உண்டு. மூன்று நாளில் ஒன்றும் ஆகாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் மழையில் ஆறு பெருகி மூன்று நாள் ஐந்தாவதும், அத்தோடு வாந்தியும் சேர்வதும் காட்டில் நடக்கக்கூடியதே.

பயணக் குழுவின் முதலுதவிப் பெட்டியை முன்பே திறந்து பாருங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் போன்ற வலி மாத்திரைகள் அதில் பெரும்பாலும் இருக்கும். பைபாஸ் செய்தவருக்கு அவை குடல் இணைப்பில் புண் உண்டாக்கலாம். ஸ்லீவ் செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உங்கள் பங்குக்குப் பாராசிட்டமால் எடுத்துப் போங்கள். முழங்கால் வலிக்கு நண்பர் அன்போடு நீட்டும் மாத்திரையைப் பெயர் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மதுவைப் பற்றி ஒரே வரி: இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் அது வேகமாக, அதிகமாக ஏறும்; காட்டில் வேண்டவே வேண்டாம்.

10. கூட வருபவர்களிடம் சொல்ல வேண்டியவை

முழுக் கதையும் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை. வழிநடத்துபவருக்கும் கூடாரத்தில் உடன் படுப்பவருக்கும் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: வயிற்றில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று சாப்பிட வேண்டும், என் உணவு தனி. பொதுப் பானையில் பங்கு வைத்தால் அன்பு மிகுந்தவர்கள் 'இன்னும் ஒரு கரண்டி' என்று நிற்பார்கள். மறுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

நடந்துகொண்டே தின்னாதீர்கள். மேடு ஏறும்போது மூச்சு வாங்க வாங்க மென்றால் சரியாக அரைபடாமல் உள்ளே போகும்.

11. தடங்கல் வந்தால்

சிக்கிக்கொண்டால்: நெஞ்சுக்குழியில் அழுத்தம், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது. சாப்பிடுவதை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் குடித்துத் தள்ள முயலாதீர்கள். மேலே அடைத்திருக்கும்போது அது திரும்பித்தான் வரும். பையைக் கழற்றி, நிமிர்ந்து நின்று, மெல்ல நடங்கள். அடங்கிய பிறகும் அடுத்த வேளை திரவம் மட்டுமே. எச்சில்கூட இறங்காமல் மணிக்கணக்கில் நின்றால் திரும்ப வேண்டியதுதான்.

டம்பிங்: சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிசைவு. நிழலில் படுத்து ஓய்வெடுத்தால் அடங்கும். மலை உயரத்திலும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். சாப்பிட்ட நேரத்தைப் பாருங்கள். உணவோடு தொடர்பே இல்லாமல் தலைவலி நீடித்தால் உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள்.

தாமதமாக வரும் சர்க்கரை இறக்கம்: சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடுக்கம், குழப்பம், கண் இருட்டுவது. உட்காருங்கள். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, தெளிந்ததும் புரதமும் கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்த சிறுதீனி. சர்க்கரையை ஒதுக்கும் பயணத்தில் குளுக்கோஸ் மாத்திரை எதற்கு என்று கேட்பார்கள், இதற்குத்தான். அது சட்டைப்பையில் இருக்க வேண்டும், முதுகுப்பையின் அடியில் இல்லை.

கீழுள்ளவற்றில் ஒன்று வந்தாலும் பயணம் முடிந்தது, உதவி கூப்பிடுங்கள்: 24 மணி நேரமாகத் திரவம்கூட நிற்காத வாந்தி, பிசைந்து பிசைந்து வரும், அடங்காத கடும் வயிற்று வலி, கறுத்த மலம் அல்லது ரத்தம், தள்ளாட்டம், பார்வை இரட்டிப்பது, பேச்சுக் குழப்பம். பைபாஸ் செய்தவருக்குக் குடல் உள்ளுக்குள்ளே சிக்கிக்கொள்வது பல ஆண்டுகள் கழித்தும் நடக்கலாம். வாயுத் தொல்லை என்று ஒரு இரவு பொறுத்துப் பார்க்கும் விஷயம் இல்லை அது.

இதற்காகவே ஓர் அட்டையை லேமினேட் செய்து கழுத்திலோ சட்டைப்பையிலோ வையுங்கள். அதில் அறுவை சிகிச்சையின் வகை, செய்த ஆண்டு, தற்போதைய மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவக் குழுவின் எண். அதன் கீழே மூன்று வரி: 'ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்துகள் வேண்டாம். நீடித்த வாந்தி இருந்தால் குளுக்கோஸ் டிரிப்புக்கு முன்போ உடனோ தயமின் (விட்டமின் பி1) கொடுக்கவும். மூக்கு வழிக் குழாயைக் கண்மூடித்தனமாகச் செருக வேண்டாம்.' மீட்க வருபவருக்கு உங்கள் வயிற்றின் அமைப்பு வெளியிலிருந்து தெரியாது. அந்த நேரத்தில் சொல்லும் நிலையில் நீங்களும் இருக்க மாட்டீர்கள்.

12. திரும்பி வந்ததும்

மறுநாளே பெரிய விருந்துக்கு உட்காராதீர்கள். அடக்கிவைத்த பசி இப்போதுதான் எழும். வயிற்றின் அளவு மட்டும் அதேதான். இரண்டு நாள் காட்டு அட்டவணையையே தொடருங்கள்.

பையைக் காலி செய்யும்போது திறக்காத கவர்களைத் தூக்கி வைத்துவிடாமல் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஏன் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்: 'குளிர்', 'திகட்டியது', 'நிற்க நேரமில்லை'. 'குளிர்' என்று எழுதிய கவரில் இருந்தது அடுத்த முறை சூடான பானமாகட்டும். 'திகட்டியது' வேறு சுவைக்கு மாறட்டும். 'நிற்க நேரமில்லை' அதிகம் இருந்தால் கவர்களில் குறை இல்லை. அடுத்த பயணத்தில் நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் குறையுங்கள்.